அதிர்ந்து பேசாதவர்

மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் கண்ணை மூடினால், வீட்டுக்காரரின் முதல் போன் பிரேதப் பெட்டிக்காரருக்குப் போகும். இரண்டாவது எனக்கு வரும். "அங்கிள், ஒரு கல்வெட்டு எழுத வேணும்" என்பார்கள். யாரும் நியமித்துத் தந்த பதவி இல்லை. ஆனாலும் இந்த வேலைக்கு என்னை விட்டால் இங்கே ஆளில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு.

கல்வெட்டு என்றவுடன் யாரும் உளியைத் தேடவேண்டாம். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம் அது. அட்டையில் செத்தவரின் படம். உள்ளே தேவாரம், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு யாருக்கு யார் என்ன முறை என்ற வம்சாவளி, கடைசியில் நன்றி. யாழ்ப்பாணத்து எங்கள் குடும்பங்களில் அது கைக்கு வரும்வரை ஒரு சாவு முடிந்ததாகக் கணக்கில்லை. வாழ்க்கை வரலாறுதான் என் பகுதி. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன், இங்கே வந்து டண்டினோங்கில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தொழிற்சாலையில் தமிழ் தேவைப்படவில்லை. மிச்சமாய்க் கிடந்த தமிழையெல்லாம் செத்தவர்களுக்குச் செலவழித்தேன்.

எழுதுவதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. 'விருந்தோம்பலில் சிறந்தவர். பழகுவதற்கு இனியவர். அதிர்ந்து பேசாதவர். இன்முகம் காட்டி எல்லோரையும் வரவேற்றவர்.' இவை எல்லோருக்கும் வரும். ஆணென்றால் கடமையுணர்வு கொஞ்சம் கூட, பெண்ணென்றால் பொறுமை கொஞ்சம் கூட. சிரிக்காதீர்கள். செத்தவரை வீட்டு உடுப்போடா பெட்டிக்குள் வைக்கிறோம்? பட்டு வேட்டி கட்டி, பட்டுச் சேலை உடுத்தி, தலை சீவித்தானே அனுப்புகிறோம்? கல்வெட்டும் அப்படித்தான் என்பது என் கட்சி.

என் மனைவி யோகாவின் கட்சி வேறு.

எழுதி முடித்ததும் தாளைக் கொண்டுபோய் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, உரக்க வாசிப்பாள். யோகாவுக்கு உரக்க என்று தனியாக ஒன்று கிடையாது. அவள் வாய் திறந்தாலே எங்கள் கிரான்பர்ன் தெருவின் கடைசி வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அகப்பையால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு.

"'அரியரத்தினம் அவர்கள் ஈகையில் சிறந்து விளங்கினார்.'" டங். "இஞ்சாருங்கோ, எங்கட ஏணி இப்பவும் ஆரின்ரை கராஜுக்குள்ளை கிடக்கு? வாங்கினதை ஒருக்காலாவது திருப்பித் தந்த மனிசனே அது? உங்கட மண்டைக்குள்ளை என்ன களிமண்ணோ?"

"செத்த மனிசன் யோகா. ஏணியையெல்லாம் கல்வெட்டிலை எழுதேலாது."

"பட்டு வேட்டி கட்டுறியள், கட்டுங்கோ. எல்லாருக்கும் ஒரே வேட்டியெல்லோ கட்டுறியள். அட்டையிலை படம் இல்லாட்டி ஆர் செத்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபம் நிற்காது. ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவள் செத்தவரின் உண்மையான கதையைத் தொடங்குவாள். என் அண்ணர் சிவபாலன் ஊரில் இறந்தபோது, போக முடியாமல் இங்கிருந்தே கல்வெட்டு எழுதினேன். 'குடும்பத்தின் குலவிளக்கு' என்று தொடங்கி இரண்டு பக்கம். யோகா அதை வாசித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சட்டியில் தட்டாமல் நின்றாள்.

"நான் கலியாணம் முடிச்சு உங்கட வீட்டுக்கு வந்த புதிசிலை புட்டை எரிச்சுப்போட்டன். அடி முழுக்கக் கறுப்பு. பெரியத்தான் ஒருத்தருக்கும் காட்டாமல் அவிச்ச நீத்துப்பெட்டியோடை தூக்கிக்கொண்டு போய், கிணத்தடியிலை இருந்து முழுக்கத் திண்டவர். பிறகு என்ரை காதுக்குள்ளை வந்து, 'பிள்ளை, இதை மாடும் தின்னாது, நாளைக்கு நெருப்பைக் குறை' எண்டு சொன்னவர். குலவிளக்காம். அந்தக் கரிப் புட்டை எழுதுங்கோவன்!"

எழுதவில்லை. ஆனால் அண்ணருக்காக நான் அழுதது அன்றைக்குத்தான், அந்தக் குசினி வாசலில். எங்கள் குடும்பத்தில் செத்த அத்தனை பேரும் என் கல்வெட்டுகளில் அதிர்ந்து பேசாமல் படுத்திருந்தார்கள். யோகாவின் வாயில்தான் அவர்கள் புட்டுத் தின்றார்கள், சீட்டாட்டத்தில் ஏமாற்றினார்கள், சைக்கிளால் விழுந்தார்கள்.

அன்றைக்குத் தாளைத் திருப்பித் தரும்போது அவள் அகப்பையை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னாள்:

"நான் செத்தால், எனக்கும் இப்பிடி 'அதிர்ந்து பேசாதவர்' எண்டு எழுதினியளோ, எழும்பி வந்து அகப்பையாலை போடுவன். சொல்லிப்போட்டன்."

யோகா வெருட்டினால் அது வெறும் வெருட்டாக இருந்ததில்லை. இனி வீட்டுக்குள் சிகரெட்டைக் கண்டால் கறிக்குள் போடுவேன் என்றாள். போட்டாள். ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பு குப்பைக்குப் போனது, நாங்கள் பாண் சாப்பிட்டோம். நேரத்துக்கு வெளிக்கிடாவிட்டால் கலியாண வீட்டுக்குத் தனியாகப் போவேன் என்றாள். நான் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், பட்டுச் சேலையும் கொண்டைப் பூவுமாக அவள் ஸ்ரேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நாற்பது வருசக் குடித்தனத்தில் அவள் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டது ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

போன புரட்டாதியில் அவளுக்கு நெஞ்சு நொந்தது. கிளேட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பதறியடித்துக்கொண்டு பின்னால் போய்க் கட்டிலருகில் நின்றபோது, முகத்தில் ஒட்சிசன் மூடியோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூடியைக் கையால் விலக்கிவிட்டு, "இந்தக் கசங்கின சேட்டோடையே வந்தனியள்? சனம் என்ன நினைக்கும்?" என்றாள். அன்று பின்னேரம் போய்விட்டாள். என்னோடு அவள் கடைசியாகப் பேசியது அந்தச் சேட்டைப் பற்றித்தான்.

வீடு அதன்பிறகு எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தமில்லாமல் இருந்தது. அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருசமாக அந்த ஃபிரிட்ஜுக்குச் சத்தம் உண்டென்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் ஒரே மகள் சயந்தினி என்னோடு வந்து தங்கினாள். கைக்குழந்தையாக இங்கே வந்தவள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். அப்படித்தான் எங்கள் பேச்சு என்றைக்கும். ஆனால் ஒரு காலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கஷ்டப்பட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கல்வெட்டு நீங்கள்தானே எழுதுவீங்கள்? ப்ளீஸ், மற்றவைக்கு எழுதின மாதிரி எழுதாதீங்கோ. ரியல் அம்மாவை எழுதுங்கோ. அம்மான்ரை சத்தம் எனக்கு மறந்து போயிடும் எண்டு பயமா இருக்கு."

"எழுதுறன் பிள்ளை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வம்சாவளி சுலபமாக முடிந்தது. கரவெட்டியில் பிறந்தது, காலஞ்சென்ற தாய் தகப்பன், சகோதரங்கள், மச்சாள்மார், மச்சான்மார். பிறகு வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினேன். உண்மையையே எழுதினேன். மெல்பேர்ன் விமான நிலையத்துச் சுங்கத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்து கருவாட்டைப் பறித்தபோது, தெரிந்த இங்கிலீசெல்லாம் தீர்ந்துபோய், அந்த வெள்ளைக்கார அதிகாரியைக் கரவெட்டித் தமிழில் அவள் பேசிய பேச்சை எழுதினேன். மனிசன் கருவாட்டை எடுத்துக்கொண்டு, மிளகாய்த்தூளைத் தொடாமலே பெட்டியை மூடிவிட்டான். துஷாந்தைப் பற்றி எழுதினேன். படகில் வந்து சிட்னியில் வில்லாவுட் முகாமில் அடைபட்டிருந்தவன், எங்களுக்குச் சொந்தமில்லை, யாரோ போன் நம்பர் கொடுத்தார்கள். சாப்பிடாமல் கிடக்கிறானாம் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுத்து அவனை யோகா ஏசின ஏச்சை எழுதினேன். அண்ணரின் கரிப் புட்டையும் எழுதினேன்.

நன்றாக வந்தது. நான் எழுதியவற்றிலேயே நல்ல கல்வெட்டு அதுதான். பழக்கதோசத்தில் தாளை எடுத்துக்கொண்டு போய், குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

அடுப்படியில் யாரும் இல்லை. நானே வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏசினார், சிரித்தார், சண்டை பிடித்தார் என்று வரிக்கு வரி அவள் முடிந்துகொண்டே வந்தாள். கடைசி வரியில் முழுதாக முடிந்துவிட்டாள். மறுத்துச் சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை. யோகாவே வாசித்தாலும், 'ஓம், சரி' என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போயிருப்பாள்.

உண்மையை எழுதினால் அவள் ஏன் வரவேண்டும்?

எனக்கு விசர் பிடிக்கவில்லை. செத்தவர்கள் எழும்பி வரமாட்டார்கள் என்று தெரியும். எத்தனை பேரை அனுப்பி வைத்தவன் நான், ஒருவர்கூட எழுத்துப் பிழை சொல்லக்கூட வரவில்லை. ஆனாலும் யோகா சொன்னால் சொன்னதுதான் என்றும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிசன் என்ன செய்வான்? போனில் அவளுடைய குரல் பதிவுகள் இருந்தன. போட்டுக் கேட்டேன். 'வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ.' 'போனை ஏன் எடுக்கிறியள் இல்லை?' எல்லாம் பழைய ஏச்சு. எனக்குப் புது ஏச்சு வேண்டும். இன்றைக்கு நான் செய்த பிழைக்கு இன்றைக்கு ஏச வேண்டும்.

புதுத் தாளை எடுத்தேன். 'திருமதி யோகாம்பிகை வரதராஜா அவர்கள் விருந்தோம்பலில் சிறந்தவர். பழகுவதற்கு இனியவர். பொறுமையின் இருப்பிடம்.' பேனா தானாக ஓடியது. 'அதிர்ந்து பேசாதவர்' என்பதையும் எழுதினேன். போதாதென்று, 'அவர் குரலை அயலவரும் கேட்டறியார்' என்று இன்னொரு வரியையும் சேர்த்தேன். வரட்டும் பார்ப்போம்.

அச்சடிக்கிற சிறி போன் எடுத்தான். "அண்ணை, படம் எங்கட அக்கான்ரை. எழுத்து வேறை ஆரின்ரையோ. மாறி அனுப்பிப்போட்டியளோ?"

"மாறேல்லை. அப்பிடியே அடி."

"அண்ணை, என்னை அக்கா எத்தினை தரம் ஏசி—"

"அடியடா எண்டால் அடி."

சயந்தினி பார்க்கக் கேட்டாள். அச்சில் இருக்கிறது, அன்றைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் காலை ஐயர் வந்து கிரியைகளை முடித்தார். நான் வேட்டியை மாற்றி, கைக்கு அகப்பட்ட சேட்டைப் போட்டுக்கொண்டேன். கராஜிலும் பின்வளவிலும் சனம் நிறைந்துவிட்டது. முகாமிலிருந்து விடுபட்டு இப்போது லொறி ஓட்டும் துஷாந்த் முதல் நாளே சிட்னியிலிருந்து லொறியில் வந்து, கூடாரம் கட்டித் தந்தான். ஏணி இல்லாதபடியால் கதிரையில் ஏறி நின்று கட்டினான். படையலில் யோகாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். சாப்பாடு முடிந்ததும் கல்வெட்டைக் கையில் கையில் கொடுத்தேன்.

நம்முடைய சனம் கல்வெட்டு வாசிக்கிற விதம் எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு, பிறகு நேரே வம்சாவளிக்குப் போய்த் தங்களுடைய பேர் இருக்கிறதா, சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்படியே பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் நடுப்பக்கத்தைப் புரட்டி, புருவத்தைத் தூக்கி, என்னைப் பார்த்து, மரியாதையாகத் தலையாட்டினார்கள். 'நல்லா எழுதியிருக்கிறியள் அண்ணை' என்று ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது.

துஷாந்த் மட்டும் முழுக்க வாசித்தான். வாசித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. இது ஆரைப் பற்றி? அன்ரி ஏசினபடியாத்தான் நான் சாப்பிட்டனான். அன்ரி அதிர்ந்து பேசாட்டி நான் இண்டைக்கு இல்லை."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சு ஏன் இப்பிடி எழுதினனியள்?"

கட்டி வைத்த சாப்பாட்டுப் பொதியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு நீண்ட தூரம் லொறி ஓட்டவேண்டியிருந்தது. "போட்டு வாறன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கல்வெட்டை இரண்டாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

எல்லோரும் போய்விட்டார்கள். கதிரையைக் குசினி வாசலில் போட்டு உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. சயந்தினி பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் ஓடியது. நான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே காத்திருந்தேன். கடைசியில் அவள் வரவில்லை என்று விளங்கியது. நாற்பது வருசத்தில் முதல் தடவையாக, சொன்னதை யோகா செய்யவில்லை. அதுதான் எனக்குச் சாவு. ஆஸ்பத்திரியில் நடந்ததல்ல, சுடலையில் நடந்ததல்ல.

மேசையில் ஒரு கல்வெட்டு மிஞ்சிக் கிடந்தது. சயந்தினி ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், வாய்விட்டு வாசித்தால்தான் அவளுக்கு ஓடும்.

"'விருந்... தோம்பலில் சிறந்தவர். பழகுவ... தற்கு இனியவர்.'" ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். "'பொறுமையின் இருப்... பிடம்.'" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "'அதிர்ந்து... பேசாதவர்.'"

"ஹூ இஸ் திஸ்?" என்றாள்.

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"அப்பா, ஹூ இஸ் திஸ்?" அதற்கு மேல் இங்கிலீஸ் அவளுக்குப் போதவில்லை. அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட ஏச்சு ஒரே ஆளுடைய ஏச்சுத்தான். ஏசுவதற்கு அவளுக்குத் தெரிந்த தமிழும் அந்த ஒரு தமிழ்தான்.

"உங்கட மண்டைக்குள்ளை என்ன களிமண்ணோ?" கழுவி வைத்த அகப்பையை எடுத்துச் சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். டங். "அதிர்ந்து பேசாதவவோ? அம்மாவோ? இந்த ரோட்டிலை இருக்கிற நாய் பூனைக்கெல்லாம் அம்மான்ரை சத்தம் தெரியும்! நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டனான் உங்களை? சனம் சாப்பிட்டுப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு போகுது, நீங்கள் கதிரையிலை குந்திக்கொண்டு இருக்கிறியள்! இந்தக் கசங்கின சேட்டோடையே இவ்வளவு நேரமும் வாசல்லை நிண்டு ஆக்களை அனுப்பினனியள்? சனம் என்ன நினைக்கும்?"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எனக்குக் கண் தெரியவில்லை. முகத்தைத் துடைக்கத் துடைக்க ஓடியது. அவள் பயந்துபோய் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, சொறி அப்பா. ஐ டிட்ன்ட் மீன்..."

"நிப்பாட்டாதை பிள்ளை."

"வாட்?"

"இப்பிடி எழுதினால் எழும்பி வந்து அகப்பையாலை போடுவன் எண்டு கொம்மா சொன்னவ. அதுக்குத்தான் எழுதினனான்."

சயந்தினியின் வாய் கோணியது. பிறகு மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ஒரு கையில் கல்வெட்டு, மறு கையில் அகப்பை.

"'அவர் குரலை,'" என்று வாசித்தாள், "'அய... லவரும் கேட்டறியார்.'"

டங்.

"கேட்டறியாரோ?" என்று கத்தினாள் என் மகள், அழுதுகொண்டே.

நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.